முதல் வகுப்பில் உள்ளார்

அந்தப் பெண்கள் கல்லூரியில் தன் பாஸ்வேர்டை மட்டும் தெரிந்துவைத்திருந்த பிள்ளை ஒருத்திகூடக் கிடையாது. இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்பில் யாரை உலுக்கிக் கேட்டாலும் பக்கத்தில் உட்கார்பவளின் பாஸ்வேர்டைத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவாள். பாடத்தில் அப்படி எதையும் அவர்கள் மனப்பாடம் செய்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் அட்டெண்டன்ஸுக்காகத்தான். முதல் வகுப்பு தொடங்கியதும் மேடம் போர்டில் ஒரு எண்ணை எழுதுவார். பிள்ளைகள் போனில் கல்லூரி ஆப்பைத் திறந்து அந்த எண்ணை அடிக்க வேண்டும். அடித்தால் வந்ததாகக் கணக்கு. கொஞ்ச நேரத்தில் அந்த எண் செல்லாமல் போய்விடும். வந்தவர்களின் வீட்டுக்கு உடனே ஒரு மெசேஜ் போகும்: "தங்கள் மகள் இன்று முதல் வகுப்பில் உள்ளார்." இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த அன்று பெற்றோர்களை வரவழைத்து, பந்தல் போட்டு, குளிர்பானம் கொடுத்து விழாவே நடத்தினார்கள். இனிமேல் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று மேடையில் பேசியவர் சொன்னார். பெற்றோர்கள் மனம் நிறைந்து கைதட்டினார்கள்.

பிள்ளைகளுக்கு இதில் ஓட்டை கண்டுபிடிக்க அந்த வாரம் முடியும்வரைகூடத் தேவைப்படவில்லை. வராதவளின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்து அவளுக்கும் சேர்த்து அந்த எண்ணை அடித்துவிட்டால் முடிந்தது. இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்கவில்லை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். பஸ் தாமதமானதற்குப் பரீட்சை எழுத முடியாமல் போனால் அது என்ன நியாயம் என்று கேட்பார்கள். கேள்வியில் தப்பும் சொல்ல முடியாது.

ஜெயசித்ராவுக்கு வீடு சங்கரன்கோவில் டவுனுக்குள்ளேயே. கல்லூரிக்கு நடந்தே வந்துவிடுவாள். அதனால் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அட்டெண்டன்ஸ் போடும் பொறுப்பு தானாகவே அவள் தலையில் விழுந்தது. அதில் முதல் ஆள் பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற சண்முகசுந்தரி. இவளுக்கு உயிர்த்தோழி. சுந்தரிக்கு அட்டெண்டன்ஸ் போடாத காலையே இவளுக்கு இல்லை என்று சொல்லலாம். அவள் நேரத்துக்கு வந்துவிட்ட நாளில்கூடப் பழக்கதோஷத்தில் இவளே போட்டுவிடுவாள்.

அன்று காலை சுந்தரியிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "மினி பஸ் வரலட்டி. திருநெல்வேலிலருந்து வார பஸ்ல ஏறிட்டேன். லேட்டானா போட்டுரு." பின்னாலேயே சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. ஜெயசித்ரா பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

அன்றைக்கு ரிஸானாவின் பிறந்தநாள். கடையநல்லூரிலிருந்து வருகிறவள், வகுப்புக்கே செல்லம். அவளுக்காக எல்லாரும் பச்சை நிறத்தில் வர வேண்டும் என்று முந்தின நாள் வாட்ஸப் குரூப்பில் முடிவாகியிருந்தது. அந்தக் குரூப்புக்கு "பி.காம் இரண்டு - மேடம் இல்லாதது" என்று பெயர். மேடம் உள்ள குரூப் ஒன்றும் உண்டு. அதில் யாரும் எதுவும் பேசுவதில்லை. காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சு முழுக்கப் பச்சையாக இருந்தது. துப்பட்டா பச்சை, சுடிதார் பச்சை, ஒன்றும் கிடைக்காதவள் பச்சை ரிப்பனாவது கட்டியிருந்தாள்.

முதல் வகுப்பு பெனிட்டா மேடத்துடையது. எண்ணை எழுதினார். ஜெயசித்ரா தனக்குப் போட்டாள், வெளியே வந்தாள், சுந்தரியாக உள்ளே போனாள், எண்ணை அடித்தாள், பச்சை டிக் விழுந்தது. மேடம் போர்டை அழிப்பதற்குள் முடித்துவிட்டதில் அவளுக்கு எப்போதும்போல் ஒரு சின்னப் பெருமை. "போட்டாச்சு" என்று சுந்தரிக்கு அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்தாள்.

இரண்டாவது வகுப்பில் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. சங்கரன்கோவில் போகிற ரோட்டில், பனவடலிசத்திரம் தாண்டி, ஒரு பஸ் ஓடைக்குள் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஆட்கள் கண்ணாடி வழியாக யாரையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ எடுத்தவரின் குரல் கேட்டது. "ஆடு குறுக்க விழுந்துட்டு வே. டிரைவரு ஒடிச்சிட்டாரு. திருநெல்வேலி பஸ்ஸு, திருநெல்வேலி பஸ்ஸு."

ஜெயசித்ரா சுந்தரிக்கு அனுப்பிய "போட்டாச்சு"வைத் திறந்து பார்த்தாள். ஒற்றை டிக்தான் விழுந்திருந்தது. மெசேஜ் அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளதாகப் பதிவுக்குரல் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டாள். அதே குரல், அதே மரியாதை. பக்கத்தில் இருந்த ரிஸானாவின் கையைப் பிடித்துப் போனைக் காட்டினாள்.

"ஏட்டி, அவ சார்ஜே போட மாட்டா. ஒனக்குத் தெரியாதா" என்றாள் ரிஸானா. சொல்லிவிட்டு அவளே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

குரூப் பரபரத்தது. "சுந்தரி அந்தப் பஸ்ஸா?" "திருநெல்வேலி பஸ்ஸு நெறைய இருக்கு." "எறங்கி வேற பஸ்ல வருவா." "அவளுக்கு அட்டெண்டன்ஸ் போட்டது யாரு?" பிறகு ஒருத்தி எழுதினாள்: "யாரும் மேடத்துட்ட வாயத் தொறக்காதீங்க. ஒருத்தி மாட்டுனா எல்லாரும் மாட்டுவோம்." மாட்டினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். போட்டவளுக்கும் பரீட்சை கிடையாது, போடச் சொன்னவளுக்கும் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. இன்னொருத்தி எழுதினாள்: "பழைய மெசேஜ் எல்லாம் அழிச்சிருங்க." உடனே குரூப்பில் வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. பாடம் நடத்திக்கொண்டிருந்த மேடத்துக்கு அன்று பிள்ளைகள் ரொம்ப ஒழுங்காகக் குனிந்து குறிப்பெடுப்பதுபோல் தெரிந்திருக்கும்.

இடைவேளை மணி அடித்ததும் ஜெயசித்ராவின் போன் அதிர்ந்தது. சுந்தரியாக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தாள். கூப்பிட்டது சுந்தரியின் அம்மா பேச்சித்தாய்.

"மக்கா, நான் சுந்தரி அம்மை பேசுதேன். அவ போனு அணைஞ்சு கெடக்கு. பக்கத்துல நிக்காளா?"

ரிஸானா எதிரே நின்று வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். வேறு இரண்டு பேரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"அவ... தண்ணி பிடிக்கப் போயிருக்கா அத்தை."

"சரி, வந்தா சொல்லு. இங்கன ரோட்டுல ஒரு பஸ்ஸு கவுந்துட்டாம். சாயந்தரம் தனியா வராண்டாம், அவ சித்தப்பன் வண்டியில வந்து கூட்டிக்கிடுவான். காலேஜ் வாசல்லயே நிக்கச் சொல்லு. சொல்லிருவியா?"

"சொல்லுதேன் அத்தை."

"நல்லா படிங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் போனை வைத்தாள்.

ஜெயசித்ரா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணி பிடிக்கப் போயிருக்கிறாள் என்ற பொய் தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததை அவளால் நம்ப முடியவில்லை. ஆப்பில் எண்ணை அடித்தது எதுவும் மனதைத் தொட்டதில்லை. இது தொட்டது. சுந்தரி வந்துவிடுவாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்பாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

மூன்றாவது வகுப்புக்கு மறுபடியும் பெனிட்டா மேடம் வந்தார். கையில் போன் இருந்தது.

"அந்தப் பஸ் ஆக்ஸிடெண்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. போலீஸ்லருந்து பிரின்சிபாலுக்குப் போன் வந்திருக்கு. ஒரு காலேஜ் பொண்ணு மாதிரி இருக்காம், யாருன்னு தெரியலையாம். எல்லா டிபார்ட்மெண்ட்டும் செக் பண்ணச் சொன்னாங்க." போனைத் தள்ளிப் பார்த்தார். "நம்ம வகுப்புல எல்லாரும் பிரசென்ட். தேங்க் காட். நம்ம பொண்ணு இல்லன்னு சொல்லிட்டேன்."

மேடம் தலையை நிமிர்த்திப் பெஞ்சுகளை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். மூன்றாவது வரிசையில், சுவர் ஓரம், இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் பார்க்கவில்லை. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, எல்லாரும் இருக்கிறார்கள் என்று அவரிடமும் அந்தப் போன் சொல்லிவிட்டது. புத்தகத்தைத் திறந்து, போன வகுப்பில் எங்கே விட்டோம் என்று கேட்டார்.

அப்போது குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. எவனோ ஆஸ்பத்திரி வாசலில் நின்று எடுத்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். முகத்தைச் சுற்றித் துணி. ஒரு கை கீழே தொங்கியது. கீழே எழுதியிருந்தது: "இந்தப் பெண்ணை யாருக்காவது தெரிந்தால் அதிகம் பகிரவும்." முகம் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன தெரியும்?

ஆனால் உடை தெரிந்தது. பச்சைச் சுடிதார்.

வகுப்பில் ஒவ்வொருத்தியும் போனைப் பார்த்தாள், பிறகு தன் மடியைப் பார்த்தாள். ரிஸானா வாயைப் பொத்திக்கொண்டு "யா அல்லாஹ்" என்றாள். தன் பிறந்தநாளுக்கென்று உடுத்திய பச்சை அது.

ஜெயசித்ரா எழுந்து நின்றாள். பரீட்சை போகும், அப்பா போனைப் பிடுங்குவார், வகுப்பே தன்னைத் திட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"மேடம், சண்முகசுந்தரி வரல."

"பிரசென்ட்னு இருக்கே."

"நான் போட்டேன் மேடம். அவ திருநெல்வேலி பஸ்ல வந்தா."

பெனிட்டா மேடம் திரும்பச் சொல்லச் சொன்னார். ஜெயசித்ரா திரும்பச் சொன்னாள். மேடம் இப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் பிடித்துக்கொண்டே ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினார். ஜெயசித்ராவும் பின்னால் ஓடினாள்.

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார்கள். தலையில் அடி, நினைவு இல்லை, திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். பையோ ஐடி கார்டோ எதுவும் கிடைக்கவில்லை. ஓடைச் சகதியில் போயிருக்கும். மேடம் அடையாளம் சொன்னார். காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கும் என்று ஜெயசித்ரா சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்த நர்ஸ் விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டார். மச்சம் இருந்தது. உயிர் இருக்கிறது, ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், வீட்டாரை உடனே அனுப்புங்கள் என்றார்.

"அவங்க அம்மாவுக்கு நீயே சொல்லு" என்றார் மேடம். தண்டனையாகச் சொல்லவில்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தைரியம் இல்லை.

ஜெயசித்ரா கூப்பிட்டாள். பின்னணியில் பெண்கள் பேச்சும் மம்பட்டிச் சத்தமும் கேட்டது. பேச்சித்தாய் நூறு நாள் வேலையில் இருந்தாள்.

"அத்தை, சுந்தரிக்கு அடிபட்டிருக்கு. அந்தப் பஸ்லதான் வந்திருக்கா. ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிருக்காங்க."

"யாரு, எம்மவளா? அவ கிளாஸ்லல்லா இருக்கா."

"இல்ல அத்தை."

"இருக்கா தாயி. மெசேஜ் வந்துட்டு." பேச்சித்தாயின் குரலில் பதற்றமே இல்லை. தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு விளக்குவதுபோலப் பேசினாள். "பஸ்ஸு கவுந்துட்டுன்னதும் எனக்கும் பகீர்னுதான் ஆச்சு. ஓடிப்போய்ப் பாப்போம்னு செருப்பை மாட்டிட்டேன். அந்நேரம் பாத்து மெசேஜ் வந்துச்சு. மேஸ்திரி மகதான் வாசிச்சா. முதல் வகுப்புல இருக்கான்னு. அப்பறம்தான் உசுரு வந்துச்சு. இப்பகூட நீதான சொன்ன, தண்ணி பிடிக்கப் போயிருக்கான்னு."

"நான் பொய் சொன்னேன் அத்தை. அந்த மெசேஜும் நான்தான்... அவளுக்கு அட்டெண்டன்ஸ் நான் போட்டேன்."

"நீ போட்டா அவளுக்கு எப்படி விழும்?" பேச்சித்தாய்க்கு உண்மையாகவே விளங்கவில்லை. "எங்களுக்கெல்லாம் வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்தாத்தான் வேலைக்கு வந்த கணக்கு. தலையில துண்டு கெடந்தா எடுக்கச் சொல்லுதாவ, மூஞ்சி தெரியணும்னு. படிக்கிற எடத்துல ஆள் இல்லாம போடுவாவளா?"

ஜெயசித்ரா பாஸ்வேர்டைப் பற்றிச் சொன்னாள். போர்டில் எழுதும் எண்ணைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அந்தப் பக்கம் மம்பட்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"எம்மவ இருக்காளா?" என்று பேச்சித்தாய் கேட்டாள். இந்தத் தடவை வேறு குரல்.

"இருக்கா அத்தை. உள்ள ஆபரேஷன் நடக்கு. அங்கனயே நில்லுங்க, மேடம் கார்ல வாரோம்."

பெனிட்டா மேடமே காரை ஓட்டினார். போகிற வழியில் கவிழ்ந்த பஸ்ஸைக் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். ஓடையில் செருப்புகள் மிதந்தன. மேடம் வேகத்தைக் குறைக்காமல் தாண்டினார். போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். பிரின்சிபால் கூப்பிட்டார், போலீஸ் கூப்பிட்டார்கள். ஐகிரவுண்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

பனவடலிசத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டிய வாய்க்காலில் வேலை நடந்த இடம் வந்தது. பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ரோட்டு ஓரம் நின்றார்கள். நடுவில் பேச்சித்தாய், சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கையெல்லாம் மண்ணோடு. யாரோ ஒருத்தி அவளைக் காரில் ஏற்றி, சேலைத் தலைப்பை உள்ளே ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜெயசித்ரா பின்சீட்டில் நகர்ந்து இடம் கொடுத்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

கார் கிளம்பியது. பேச்சித்தாய் அழவில்லை. மடியிலிருந்து போனை எடுத்து மெசேஜைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

"இது நீ போட்டது."

"ஆமா அத்தை."

விரலால் தள்ளி மேலே இருந்ததைக் காட்டினாள். "நேத்து வந்தது?"

"அதும்தான்."

இன்னும் மேலே தள்ளினாள். அவள் ஒரு மெசேஜைக்கூட அழித்திருக்கவில்லை. எல்லாம் அப்படியே இருந்தன, ஒரே வரி, ஒன்றின் மேல் ஒன்றாக. தள்ளிக்கொண்டே இருந்தாள். ஜெயசித்ரா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், பிறகு ஆட்ட முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப ஒரு நாளும் எனக்குத் தெரியல" என்றாள் பேச்சித்தாய். "எம்மவ எங்கன இருக்கான்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சிருக்கல."

முன்சீட்டில் மேடம் கண்ணைத் துடைத்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. கார் ஊரைத் தாண்டியது. பேச்சித்தாய் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, பின்கண்ணாடி வழியாகத் தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது எப்போதோ பின்னால் போய்விட்டது.

"காலைல அங்கன நிக்கும்போது ஒரு ஆம்புலன்ஸ் போச்சு" என்றாள். "சத்தம் போட்டுக்கிட்டே எங்களை ஒரசுன மாதிரி போச்சு. எல்லாரும் வேலையை நிப்பாட்டிக் கும்பிட்டோம். நானும்தான் கும்பிட்டேன். யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்னு சொல்லிட்டு மம்பட்டியை எடுத்துட்டேன் மக்கா."